பிஸ்கட் இடாப்பு

“அமைச்சோட செய்த ஒப்பந்தத்தை எனக்குக் காட்டுங்கோ சேர்.”

ஸ்ரீஸ்கந்தராசா சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கோபம் வந்தால் அவர் சத்தம் போடமாட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியால் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை முன்னால் நிற்பவர் நிற்கவேண்டும்.

இதைக் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னது மர்லியா. எங்கள் அலுவலகத்தில் கோப்புகள் எல்லாம் அவளுடைய பொறுப்பு. மாளிகாவத்தையிலிருந்து பன்னிரண்டு வருடமாக வந்து போகிறாள். முற்பணம் கேள், காற்றாடி சுற்றவில்லை என்று சண்டை பிடி, ஒப்பந்தம் இருக்கும் அந்த நீலக் கோப்பை மட்டும் கேட்டுவிடாதே என்றாள். ஏன் என்றேன். உனக்கு முதல் இருந்த பிள்ளை அதைத்தான் கேட்டது என்றாள். அந்தப் பிள்ளையின் மேசைதான் எனக்குத் தந்த மேசை.

மூன்று வருடம் நான் வாயைத் திறக்கவில்லை.

“எதுக்கு?” என்றார் சேர், கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு.

“நாங்கள் கதைக்கக்கூடாது எண்டு அதில எந்த இடத்தில கிடக்கு எண்டு பாக்க.”

“நான் சொன்னாப் போதாதோ?”

போதாது என்றேன். அவர் லேசாகச் சிரித்தார். கொமிட்டியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கொமிட்டி என்பது அவரும், அவருடைய மச்சானும், கனடாவில் இருக்கும் ஒரு டொக்டரும்.

புலரி நலன்புரிச் சங்கம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், மேல்மாடியில் இருக்கிறது. ரயில் போகும்போது போனில் கதைக்க முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் பெரிய உத்தியோகம் பார்த்த சில பேர் தொண்ணூற்று நாலில் தொடங்கியது. கொட்டாஞ்சேனைக் கயிற்றுத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துவதுதான் அதன் வேலை. முதலில் வெளிநாட்டு உதவி வந்தது. அது நின்றபிறகு, இந்தப் பதினொரு வருடமாக, அமைச்சின் மானியம். ஒவ்வொரு மார்ச் மாதமும் புதுப்பிக்கவேண்டும். பெப்ரவரி வந்தால் எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் இருமக்கூட மாட்டார்கள்.

தோட்டம் என்றதும் பூஞ்செடியை நினைக்காதீர்கள். அறுபத்திரண்டு வீடு, மூன்று குழாய், எல்லாருக்கும் ஒரே முகவரி. அங்கேதான் பிறந்தேன். அந்த மாலை வகுப்பில்தான் படித்தேன். அந்தத் தோட்டத்திலிருந்து கம்பஸ் போன முதல் ஆள் நான். புலரியின் ஆண்டறிக்கையில் என் படம் மூன்று தடவை வந்திருக்கிறது, பட்டமளிப்பு உடுப்போடு, சேருக்குப் பக்கத்தில். “கயிற்றுத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் வரை” என்று கீழே எழுதியிருக்கும். மூன்று தடவையும் அதே வரி.

திங்கட்கிழமை காலையில் பலீல் நானா வந்தார். தோட்டத்து வாசலில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவர். செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு ஏறி வந்து, நாற்காலியில் இருக்கச் சொல்லியும் நின்றுகொண்டே கதைத்தார். தோட்டத்தை அரசாங்கம் உடைக்கப் போகிறது. அது முன்பே தெரிந்த கதை. புதிய கதை, கையில் கொண்டுவந்த கடிதத்தில் இருந்தது. இரண்டாயிரத்துப் பத்துக்கு முன்பிருந்தே அங்கே குடியிருப்பதாகக் காட்டுபவர்களுக்குத்தான் கொலன்னாவையில் மாடிவீடு. காட்ட முடியாதவர்கள் அத்துமீறிக் குடியேறியவர்கள். அவர்களுக்கு வெளியேறவேண்டிய திகதி மட்டும். விசாரணை வியாழன் காலை பத்து மணிக்கு.

காட்டுவதற்கு என்ன இருக்கிறது? கிராம சேவகரின் பதிவில் தோட்டம் முழுவதற்கும் ஒரே இலக்கம். மின்சாரப் பட்டியல் நாலு பேரின் பெயரில் வருகிறது. மற்றவர்கள் அந்த நாலு வீட்டிலிருந்து வயர் இழுத்தவர்கள். வாடகைத் துண்டு என்று ஒன்றை அந்தத் தோட்டத்தில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை.

“ஒங்கட ஒபிஸ்ல பிஸ்கட் இடாப்பு ஈக்குதே புள்ள” என்றார் பலீல் நானா. “அதப் பாத்து ஒரு லெட்டர் எழுதித் தந்தாப் போதும். எங்களுக்கு வேற ஒண்ணும் வாணாம்.”

பிஸ்கட் இடாப்பு என்று தோட்டத்தில் சொல்வது மாலை வகுப்பின் வரவு இடாப்பை. மாத முடிவில், ஒழுங்காக வந்த பிள்ளைக்கு ஒரு பெரிய பிஸ்கட் பக்கற் கிடைக்கும். ஆரம்பத்தில் யாரோ ஒரு பிள்ளை இரண்டு பெயர் சொல்லி இரண்டு பக்கற் வாங்கிவிட்டதாம். அதோடு வெள்ளவத்தைப் பெரியவர்கள் விழித்துக்கொண்டார்கள். பிள்ளையின் பெயருக்கு நேரே வீட்டுக் கதவில் பெயின்றால் எழுதியிருக்கும் இலக்கம், வீட்டில் எத்தனை பேர், தாயோ தகப்பனோ வந்து வைத்த கையெழுத்து. எழுதத் தெரியாவிட்டால் பெருவிரல். வருடத்துக்கு இரண்டு முறை ஒருவர் நேரில் போய்க் கதவையும் ஆட்களையும் பார்த்துச் சரி போடவேண்டும். தொண்ணூற்று நாலிலிருந்து இன்றுவரை இப்படித்தான். பதினேழு தடித்த புத்தகங்கள், எங்கள் இரண்டாவது அலுமாரியில் இருக்கின்றன.

எங்களைக் கள்ளர் என்று நினைத்ததால் உண்டான புத்தகங்கள் அவை. இந்த நாட்டில் வேறு ஒருவரும் கயிற்றுத் தோட்டத்தை இவ்வளவு கவனமாக எழுதிவைக்கவில்லை.

அன்று மத்தியானமே கடிதத்தை எழுதிவிட்டேன். நாலே வரி. இன்னின்ன பெயர்கள், இன்னின்ன கதவு இலக்கங்கள், இன்னின்ன ஆண்டுகளில் எங்கள் இடாப்பில் உள்ளன. உடைப்பது சரி என்றோ பிழை என்றோ ஒரு சொல் இல்லை. சேர் அதன் குறுக்கே அடிமட்டம் வைத்துச் சிவப்பில் கோடு கீறித் திருப்பித் தந்தார். அரசியல் என்றார். இதில் அரசியல் எங்கே என்றேன். அரசாங்கம் ஒரு திட்டம் செய்கிறது, நாங்கள் எங்கள் பெயர் அடித்த கடதாசியில் மற்றப் பக்கம் நிற்கிறோம், அதற்கு வேறு என்ன பெயர் என்றார். மானிய ஒப்பந்தம் அதற்கு இடம் தராது என்றார்.

அப்போதுதான் அந்தக் கோப்பைக் கேட்டேன்.

கொமிட்டியைச் சொல்லித் தட்டிக்கழித்தபிறகு அவர் எனக்கு இரண்டாயிரத்து எட்டைச் சொன்னார். அப்போதும் புலரி வாய் திறந்ததாம். யுத்த நேரம், கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பிடித்துக்கொண்டு போனபோது ஒரு பக்கத்தில் ஓர் அறிக்கை விட்டார்களாம். மூன்றாம் நாள் கொட்டாஞ்சேனை வகுப்பறைக்குப் பூட்டு விழுந்தது. ஏழு மாதம். எங்களுக்கு வகுப்பு எடுத்த அருந்ததி ரீச்சரை இரண்டு நாள் வைத்து விசாரித்தார்கள். அவ பிறகு லண்டன் போனவ போனவதான். இதைச் சொல்லும்போது சேரின் கை மேசையில் இருந்த பேனையைச் சரியாக நேராக வைத்துக்கொண்டிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஏழு மாதமும் எனக்கு நினைவிருக்கிறது. எனக்குப் பத்து வயது. வகுப்பறைப் படியில் இருந்து நாங்கள் கல் விளையாடினோம்.

செவ்வாய் மத்தியானம் சேர் சாப்பிட்டுக் கொஞ்சம் சாய்ந்து படுக்க வீட்டுக்குப் போனபிறகு, மர்லியா என் மேசைக்கு வந்து நீலக் கோப்பை வைத்து, அதன்மேல் என் சோற்றுப் பார்சலைத் தூக்கி வைத்தாள்.

“நான் குடுக்கல்ல. நீ எடுக்கல்ல” என்றாள். “நான் தொழப் போறன். பத்து நிமிஷம்.”

ஒப்பந்தம் மூன்று மொழியிலும் இருந்தது. கம்பஸில் படித்ததற்கு ஒரு பயன் உண்டென்றால் அது இதுதான்: நீளமான வசனங்களுக்கு நான் பயப்படமாட்டேன். முதல் பந்தியிலிருந்து வாசித்தேன். பதினோராம் பந்தியில் இருந்தது.

“இம்மானியத்தின் எப்பகுதியும் எந்தவோர் அரசியற் கட்சியினதும் அல்லது தேர்தல் வேட்பாளரினதும் பிரசாரத்துக்காகச் செலவிடப்படலாகாது.”

அவ்வளவுதான். கட்சிக்கும் தேர்தலுக்கும் இந்தக் காசைச் செலவழிக்காதே. பேசாதே என்று இல்லை. கடிதம் எழுதாதே என்று இல்லை. தெரிந்ததைத் தெரியாது என்று சொல் என்று இல்லை. சிங்களத்தில் வேறு மாதிரி இருக்கலாம் என்று அதையும் பார்த்தேன். இங்கிலிஷையும் பார்த்தேன். கடைசிப் பக்கம்வரை போய்த் திரும்பி வந்தேன். எங்கும் இல்லை.

அந்தப் பந்தியின் கீழே பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இருந்தது. அடிமட்டம் வைத்துக் கீறிய கோடு. எங்கள் அலுவலகத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறுபவர் ஓர் ஆள்தான்.

போனில் படம் எடுத்துக்கொண்டேன். மர்லியா திரும்பி வந்து கோப்பை எடுத்துக்கொண்டாள். நீ இதை வாசித்திருக்கிறாயா என்று கேட்டேன்.

“நான் வாசிக்கிறல்ல. ஓட்ட போட்டுக் கோக்கிறது மட்டுந்தான்” என்றாள். “வாசிச்சா ஊட்டுக்குப் பெய்த்துச் சோறு எறங்குமா? எனக்கு மூணு புள்ள ஈக்குது.”

நாளைக்குச் சேரிடம் நான் கேட்கும்போது பக்கத்தில் நிற்பாயா என்றேன். கோப்பை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பூட்டு விழுந்திருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். அதுதான் பதில்.

அன்று பின்னேரம் அம்மாவைப் பார்க்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். எனக்கு இரண்டு தமிழ் உண்டு. அலுவலகத்தில் ‘ஓம்’, அம்மாவிடம் ‘ஆமா’. பஸ் புறக்கோட்டையைத் தாண்டும்போது வாய் தானாக மாறிவிடும். வெள்ளவத்தையில் யாராவது, எந்த ஊர் என்பார்கள். கொட்டாஞ்சேனை என்பேன். அதில்லை, சொந்த ஊர் என்பார்கள். கொட்டாஞ்சேனைதான் என்பேன். பிறகு அவர்களுக்கு என்னிடம் கேட்க ஒன்றும் இருக்காது. நான் வாடகைக்கு இருக்கும் அறைக்கு இரண்டு வருடத்தில் வந்த ஒரே விருந்தாளி, தண்ணீர் மீற்றர் பார்க்க வந்தவர். தோட்டத்தில் மட்டும் என்ன? முன்பு நான் லெட்சுமி மக. இப்போது குழாயடியில் தண்ணீர் பிடிப்பவர்கள் வாளியை நகர்த்தி, “மிஸ்ஸுக்கு வழி விடுங்க” என்கிறார்கள். என்னோடு படித்தவளே அப்படிச் சொல்கிறாள்.

அம்மாவின் பெயர் இராமலெட்சுமி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். முழங்கால் போய்விட்டது. கட்டிலில் இருந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லை, இடாப்பு மட்டும் போனால் தோட்டத்துக்கே வீடு கிடைக்கும், சேர் எழுதாவிட்டால் நானே போய்ச் சொல்வேன் என்றேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“அவங்க பிஸ்கட்டத் தின்னுட்டுத்தானடி நீ வளந்த.”

“அதுக்காக?”

“அதுக்காகத்தான். ஒனக்கு ஃபோர்ம் நெரப்பித் தந்தது யாரு? கம்பஸுக்குப் போறப்போ சூட்கேஸ் வாங்கித் தந்தது யாரு? நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நான் யாருகிட்டப் போவேன்? சேருகிட்டத்தான்.”

“எங்கிட்ட வரமாட்டியா?”

வெளியே யாரோ, லெட்சுமி அக்கா ஒங்க முறை என்று கூப்பிட்டார்கள். அம்மா கட்டிலைப் பிடித்து எழும்பி, வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். வாளியை வாங்கப் போனேன். மிஸ் தூக்கவேண்டாம் என்று குழாயடியில் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். நான் வாசலில் வெறுங்கையோடு நின்றேன்.

புதன் காலையில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு புதுக்கடைக்குப் போனேன். பலீல் நானா அங்கே ஒரு சமாதான நீதவானைத் தெரிந்துவைத்திருந்தார். நீதிமன்றங்களுக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பக்கத்தில், தட்டச்சு இயந்திரத்தோடு இருக்கும் மனிதர். அவர் முன்னால் என் பெயரில் ஒரு சத்தியக் கடதாசி எழுதினேன். நான் மேனுகா. கடந்த மூன்று வருடமாக இந்த இடாப்பைக் குறிப்பவள். அதற்கு முன் பதினொரு வருடம் அதில் மாணவியாக என் பெயர் இருக்கிறது, கதவு இலக்கம் முப்பத்தொன்று. பதினேழு புத்தகங்களும் வெள்ளவத்தையில் இன்ன முகவரியில், இரண்டாவது அலுமாரியில் உள்ளன. விசாரணை அதிகாரி அவற்றை வரவழைத்துப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தேவைப்பட்டால் நேரில் வந்து சாட்சி சொல்வேன்.

புத்தகங்களை நான் தூக்கிக்கொண்டு வரவில்லை. வந்திருந்தால், எங்களைப் பற்றி முப்பது வருடத்துக்கு முதல் அவர்கள் நினைத்தது சரியாகியிருக்கும்.

முத்திரை குத்தியதும் பலீல் நானா கடதாசியை நாலாக மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார். ப்ளேன்டீ வாங்கித் தந்தார். என்னைப் பார்க்காமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நாளைக்குப் பத்து மணி வரைக்கும் இது எண்ட பையில ஈக்கும். வாணாம்னு தோணினா ஒரு கோல் எடுங்க. கிழிச்சிப் போடுறன். ஒருத்தருக்கும் செல்ல மாட்டன்.”

அவர் கெஞ்சியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

இரண்டு மணிக்கு அலுவலகத்துக்கு வந்தேன். சேர் சாயப் போகவில்லை. என்னைக் கூப்பிட்டு இருக்கச் சொன்னார். மூன்று வருடத்தில் அந்த அறையில் நான் நாற்காலியில் இருந்தது அதுதான் முதல் தடவை. மர்லியா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, இருவரையும் பார்க்காமல் போனாள்.

“உம்மட அம்மா நேற்றிரவு எனக்குப் போன் எடுத்தவ” என்றார்.

நான் தேத்தண்ணியைத் தொடவில்லை.

“அழுதவ. பிள்ளை குழப்படி செய்தால் மனசில வைக்காதேங்கோ எண்டவ.”

நான்கு மாதமாக அம்மா எனக்குத் தானாக ஒரு கோல் எடுத்ததில்லை. எப்போதும் நான்தான் எடுப்பேன். காசு முடிந்துபோகும் என்பாள். சேருக்கு எடுக்கக் காசு இருந்திருக்கிறது. அவள் அழுதது எனக்கு மேசைக்கு மறுபக்கத்திலிருந்து செய்தியாக வருகிறது.

சேர் தொடர்ந்து சொன்னார். அமைச்சில் அவருக்கு ஒருவரைத் தெரியுமாம். காலையில் கதைத்தாராம். கதவு இலக்கம் முப்பத்தொன்று, இராமலெட்சுமி, கொலன்னாவையில் கீழ்மாடி வீடு. பெயர் ஏற்கெனவே பட்டியலில் ஏறிவிட்டதாம். அம்மா விசாரணைக்கும் போகத் தேவையில்லை, ஒரு கடதாசியும் காட்டத் தேவையில்லை.

“மற்ற அறுபத்தொரு வீடும்?”

“எல்லாரையும் என்னால தூக்கேலாது பிள்ளை.”

“இடாப்பு தூக்கும் சேர்.”

நான் போனை எடுத்து அந்தப் படத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

“பதினோராம் பந்தி. கட்சிக்கும் தேர்தலுக்கும் காசு செலவழிக்கக்கூடாது எண்டு மட்டும்தான் கிடக்கு. நீங்கள் இதை வாசிச்சிருக்கிறியள். கோடு போட்டிருக்கிறியள்.”

கண்ணாடியைக் கழற்றுவார் என்று பார்த்தேன். கழற்றவில்லை. யார் கோப்பைத் தந்தது என்றும் கேட்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை.

“ஓம். எனக்குத் தெரியும்” என்றார். “கடதாசியில என்ன கிடக்கு எண்டு பாத்து மார்ச்சில ஆரும் கையெழுத்து வைக்கிறேல்லை மேனுகா. கரைச்சல் தராத ஆக்கள் ஆர் எண்டு பாத்துத்தான் வைக்கிறவை. எங்களை வாய் மூடச் சொல்லி அவை ஒருநாளும் கேட்டதில்லை. கேக்கவேண்டிய நிலைமை வராமல் பாக்கிறதுதான் என்ர வேலை.”

இவ்வளவு நாளும் நான் ஓர் அரசாங்கத்தோடு கோபித்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ ஒரு கதிரையில் இருந்து ஒருவன் எங்களைப் பேசாதே என்று எழுதிவைத்திருக்கிறான் என்று நினைத்திருந்தேன். ஒருவனும் எழுதவில்லை. பதினொரு வருடம், யாரும் கேட்காமலே, நாங்களே எங்கள் வாயைக் கட்டிக்கொண்டு, கட்டிய முடிச்சு அழகாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். அதற்குக் கிடைத்த கூலி, அமைச்சில் ஓர் ஆளின் போன் நம்பர். ஒரு கோலில் ஒரு வீடு. ஒரு வீடு மட்டும்.

“நூற்று நாற்பது பிள்ளையள்” என்றார் சேர். “உமக்குப் பின்னால இன்னும் கம்பஸுக்குப் போகவேணுமெல்லே ஆரும்.”

தோட்டத்தை உடைத்தபிறகு அந்த நூற்று நாற்பது பேரும் எந்தத் தெருவிலிருந்து வகுப்புக்கு வருவார்கள் என்று கேட்டேன். புது இடத்தில் புதுப் பிள்ளைகளைச் சேர்ப்போம் என்றார். அதை அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன்.

“ஒண்டும் செய்யவேண்டாம். கையெழுத்துக்கூட வேண்டாம். நாளைக்கு எட்டரைக்கு வழமை மாதிரி வேலைக்கு வாரும். அவ்வளவுதான்.”

“வராட்டி?”

“நீர் அங்க போய் நிண்டால், அந்தப் பட்டியலுக்கு நான் பொறுப்பில்லை.”

“இதை எழுதித் தாங்கோ.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “இதெல்லாம் எழுதுற விஷயமே?”

ஒரு நிமிடம் தாருங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, படிக்கட்டின் மேல் தட்டில் நின்று அம்மாவுக்குக் கோல் எடுத்தேன். ரயில் ஒன்று போய் முடியும்வரை இருவரும் ஒன்றும் பேசவில்லை.

“சேரு சொன்னாங்களா?” என்றாள் அம்மா.

“சொன்னாரு.”

“கீழ் மாடின்னாங்க. படி ஏற வேண்டியதில்ல.”

அவளுடைய குரலில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கேட்டு வருடங்கள் ஆகிவிட்டன. என் பட்டமளிப்பு அன்றுகூட அவளுக்குச் செருப்புக் கடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ருக்கியா மாமியை என்ன செய்வது என்று கேட்டேன். அவவின் கணவர் படுக்கையில். அவவின் பெருவிரல் தொண்ணூற்றாறிலிருந்து இடாப்பில் இருக்கிறது; அதை ஒருவரும் போய்ச் சொல்லாவிட்டால் அவ நேற்று வந்து ஏறியவளாகிவிடுவா.

“ருக்கியாவுக்காக நீ பேசினா” என்றாள் அம்மா, “எனக்காக யாருடி பேசுவா?”

நான் பேசுவேன் என்று சொன்னேன். அம்மா, இரண்டு வீடு தள்ளி யாரோ கூப்பிடுகிறார்கள் என்றாள். ஒருவரும் கூப்பிட்ட சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கோல் நின்றுவிட்டது.

அந்தப் படிக்கட்டில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அம்மாவின் முழங்காலை நினைத்தேன். பொய் சொல்லவில்லை, நிறையவே நினைத்தேன். பலீல் நானாவின் நம்பரைத் திரையில் எடுத்தும் வைத்தேன். அவர் கிழித்துப் போட்டுவிடுவார், ஒருவருக்கும் சொல்லமாட்டார், நாளைக்கு எட்டரைக்கு நான் வேலைக்கு வருவேன், நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு வரவு குறிப்பேன். அம்மா கீழ்மாடியில் இருப்பாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கொலன்னாவைக்குப் போவேன். போய், அந்த வீட்டில் உட்கார்ந்து, என்ன கதைப்பேன்?

அம்மாவுக்கு அந்த வீடு உரிமை. இடாப்பில் அவள் கையெழுத்தும் இருக்கிறது. உரிமையாகக் கேட்கவேண்டியதை அழுது வாங்கினாள். நான் படித்ததும் அப்படி இரந்து வாங்கியதுதான் என்று இவ்வளவு நாளும் என்னை நம்பவைத்திருக்கிறார்கள்.

திரையை அணைத்தேன்.

உள்ளே போனேன். சேர் எனக்காக வைத்த தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது. அவர் வேறு ஏதோ கடிதத்தில் அடிமட்டம் வைத்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலியில் இருக்கவில்லை.

“வடிவா யோசிச்சு நாளைக்குக் காலமை...” என்று தொடங்கினார்.

“யோசிச்சிட்டன் சேர். நாளைக்கு எனக்கு லீவு.”

அவர் அடிமட்டத்திலிருந்து கையை எடுத்தார். அம்மாவை யோசியும் என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை இந்த மேசை இருக்காது என்றார். அதற்கும் சத்தம் போடவில்லை. கவலையாகத்தான் சொன்னார். ஓம் என்றேன்.

கைப்பையை எடுத்தேன். மேசை லாச்சியில் எனக்கென்று இருந்தது ஒரு குடையும் தலையிடிக் குளிசைக் கார்டு ஒன்றும். மர்லியா கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரை அணைந்துபோய் வெகுநேரம் ஆகியிருக்கவேண்டும். அதில் அவளுடைய முகம்தான் தெரிந்தது. போயிட்டு வாறன் என்றேன். தலையை ஆட்டினாளா, இல்லையா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

கீழே ஒழுங்கையில் மூன்று மணி வெயில். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிப்போகும் தாய்மாரும் காலி வீதிப் பக்கமிருந்து கூட்டமாக இறங்கி வந்தார்கள். அதில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. அவர்களுக்கு எதிராக நடந்தேன்.